விளக்கு வைக்குமுன் சாப்பிடுகிறவர்

அத்தியாயம் பதினான்கு

ஜினேந்திர நயினார் மகன் வீட்டை விட்டு ஏன் வந்தார் என்று விடாமல் படித்து வருகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இந்த வாரம்தான் கையில் எடுத்தவர்களுக்காக ஒரு வார்த்தை. அவர் சண்டை போட்டுக்கொண்டு வரவில்லை. மகன் ஜினகுமார் விரட்டவில்லை. மருமகள் தனலட்சுமி ஒரு நாளும் சோறு போடாமல் இருந்ததில்லை.

பெண்சாதி குணமாலா காலமான வருஷம் அவருக்கு ஒருமுறை தொண்டை கட்டிக்கொண்டது. ஒரு வாரம் பேச்சே எழும்பவில்லை. தொண்டை சரியான பிறகுதான், தான் பேசாமல் கிடந்ததை அந்த வீட்டில் ஒருவரும் கவனிக்கவே இல்லை என்பது அவருக்கு உறைத்தது. மகனுக்கு ஐ.ஆர். எட்டு நெல், மோட்டார் ரிப்பேர். மருமகளுக்கு மாடு, அடுப்பு, வயசுக்கு வந்த பெண். யாரையும் குற்றம் சொல்ல முடியாது. ஆடி முடிந்த கையோடு தகரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாகறல் பக்கத்து ஊரிலிருந்து பஸ் ஏறிவிட்டார்.

வந்து சேர்ந்தது காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில், எப்போதோ ஒரு பட்டு வியாபாரி கட்டிவைத்துவிட்டுப் போன அறச்சாலை. பிள்ளை இல்லாதவர்கள், இருந்தும் இல்லாதவர்கள் என்று பத்துப் பன்னிரண்டு கிழங்கள் இருக்கிற இடம். நாலு பேர் குரல் காதில் விழும் என்றுதான் வந்தார்.

குரல் காதில் விழத்தான் செய்தது. தினமும் ராத்திரி ஏழு மணிக்குக் கூடத்தில் எல்லோரும் இரண்டு வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். கண்ணாயிரம் என்கிற பழைய தறிக்காரர், முதலாளி பட்டுப்புடவையை உதறி உதறிக் குற்றம் கண்டுபிடிப்பதை நடித்துக் காட்டுவார். அங்கம்மாள் பதிலுக்கு ஏதாவது சொல்வாள். கூடமே சிரிக்கும். ஜினேந்திரன் பக்கத்து அறையில், இருட்டில், கட்டிலில் மல்லாந்தபடி அதைக் கேட்டுக்கொண்டிருப்பார். மூன்று மாதத்தில் ஒவ்வொருவர் சிரிப்பும் தனித்தனியாக அவருக்கு அத்துப்படி. எதற்காகச் சிரித்தார்கள் என்பது மட்டும் தெரியாது.

ஏனென்றால் அவர் சாப்பாடு அதற்கு முன்பே முடிந்துவிடும். சமையற்கார முருகேசன் பொழுது சாய்வதற்குள் மத்தியானத்துச் சோற்றில் மோர் ஊற்றி ஒரு தட்டில் கொடுத்துவிடுவான். கிணற்றடித் தாழ்வாரத்தில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டு, தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வருவார்.

இன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. ஐப்பசி மழை ராத்திரி பூராவும் பெய்துவிட்டு விடியற்காலையில்தான் ஓய்ந்திருந்தது. அக்கம்பக்கத்து வீடுகளில் தறிகள் ஒவ்வொன்றாகத் தட்ட ஆரம்பித்தன.

ஜினேந்திரன் வழக்கம்போல எல்லோருக்கும் முன்னே எழுந்து கிணற்றில் நீர் இறைத்தார். மாடு பூட்டிக் கவலை ஓட்டி நீர் இறைத்துக் காய்ப்பேறிய கை. அறுபத்தெட்டு வயசிலும் ராட்டினம் அவருக்கு ஒரு பொருட்டில்லை. பெரிய பானையின் வாயில் வெள்ளைத் துணியை இரட்டையாக மடித்துக் கட்டி, வாளி வாளியாக ஊற்றினார்.

அங்கம்மாள் இடுப்பில் குடத்தோடு வந்தாள். நாற்பது வருஷம் பட்டு இழைத்தவள். நூல் ஓடி ஓடி அவள் கட்டைவிரலில் ஒரு பள்ளம் விழுந்திருக்கும்.

"தள்ளுங்க பெரியவரே."

"இதுல மொண்டுக்கோங்கம்மா. எல்லாருக்கும்தான் எறச்சி வெச்சிருக்கேன். வடிகட்டினது."

"வடிகட்டினது ஒங்களுக்கு. வடிகட்டாதது எங்களுக்கு. எங்க வயிறு ஒண்ணும் அவ்ளோ ஒசத்தி இல்ல."

வாசற்படியில் கால் நீட்டி உட்கார்ந்திருந்த கண்ணாயிரம் களுக்கென்று சிரித்தார். தறிக்குழியில் தொங்கி வீங்கிப்போன கால்கள். "சீமான் வூட்டு தண்ணி அங்கம்மா. அதைக் குடிச்சா நமக்கு அஜீர்ணம் ஆயிடும்."

ஜினேந்திரன் வாளியை வைத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார். அவள் தன் கயிற்றைப் போட்டுத் தானே இறைத்துக்கொண்டு போனாள். சுவரோரம் அவர்களுக்கென்று தனிப் பானை வைத்து ஒரு மாதம் ஆகிறது. எல்லாம் நவராத்திரியிலிருந்துதான்.

நவராத்திரியில் ஒரு நாள் ராத்திரி காமாட்சியம்மன் கோயிலிலிருந்து திரும்பிய அங்கம்மாள் தொன்னையில் சுண்டல் கொண்டுவந்து அவர் கட்டிலருகே நீட்டினாள். "வேணாம்மா" என்று அவர் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அவள் தொன்னையை முந்தானையால் மூடிக்கொண்டாள். பிறகு போய்விட்டாள். மறுநாளிலிருந்து பேச்சு நின்றது.

விளக்கு வைத்த பிறகு எப்படிச் சாப்பிடுவது? இது தெரியாதா அவளுக்கு? அவர் ஊரில் நாற்று நட வருகிற பெண்களுக்குக்கூடத் தெரியும். பொழுது இறங்கினால் அவர்களே, "நயினாரே, நேரம் ஆவுது, போயி சாப்பிடுங்க" என்று வரப்பிலிருந்து துரத்துவார்கள். யாருக்கும் எடுத்துச் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை. சொல்லித் தெரிய வேண்டிய சங்கதி அது என்றே அவர் நினைத்ததில்லை. இந்த டவுன் ஜனங்களுக்குத் தன்னைப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான் என்று முடிவு கட்டிக்கொண்டார்.

மத்தியானத்துக்கு மேல் வானம் மறுபடியும் மூடிக்கொண்டு வந்தது. நாலு மணி வாக்கில் வாசலில் குடை மடக்கும் சத்தம்.

மகனும் மருமகளும்.

மூன்று மாதத்தில் முதல் தடவை. ஜினேந்திரன் எழுந்து கட்டில் மேல் கிடந்த துண்டை உதறி, அவர்கள் உட்கார இடம் பண்ணினார். அறைக்கும் கூடத்துக்கும் நடுவில் கதவு கிடையாது. கூடத்துக் கிழங்கள் பேச்சை நிறுத்திவிட்டு, கேட்காததுபோல் கேட்டன.

"எப்படிப்பா இருக்கீங்க?" என்றான் ஜினகுமார்.

"இருக்கேன். மோட்டார் ஓடுதா?"

"காயில் போச்சி. மாத்தி போட்டேன்."

அதோடு தீர்ந்துவிட்டது. வீட்டிலும் இப்படித்தான். பேச்சைத் தொடங்கினால் இரண்டு எட்டில் முட்டிக்கொண்டு நின்றுவிடும்.

தனலட்சுமிதான் விஷயத்துக்கு வந்தாள். "மாமா, வெள்ளிக்கெழம நம்ம கனகாவ பாக்க வராங்க. வந்தவாசி பக்கம். பையன் பேரு வர்த்தமானன். கூட்டுறவு பேங்க்ல உத்தியோகம்."

கிழவரின் முகம் விரிந்தது. கனகமாலா ஒருத்திதான் அந்த வீட்டில் அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு வரப்பில் நடந்தவள். "நல்ல எடமா? அவ இன்னா சொல்றா?"

"தாத்தா வந்தாத்தான் பொடவ கட்டிக்கினு வந்து நிப்பேன்னு சொல்லிக்கினு இருக்கறா."

"வராம எங்க போவேன்."

"அப்போ நாளைக்கே கெளம்பிடுங்க" என்றான் மகன். "நாலு வேட்டி எடுத்துக்கினா போதும். பொட்டி இங்கியே இருக்கட்டும்."

ஜினேந்திரன் தகரப்பெட்டியைப் பார்த்தார். மகனைப் பார்த்தார். "பொட்டி ஏன் இங்க இருக்கணும்?"

தனலட்சுமி முந்தானை ஓரத்தை நீவிக்கொண்டிருந்தாள்.

"வெள்ளிக்கெழமைக்கு அப்பறம்?"

"அப்பறம் ஒங்க இஷ்டம்பா. நாங்களா போவச் சொன்னோம்?"

"என் கட்டில் இருக்குதா?"

"அதுமேல யூரியா மூட்டை அடுக்கியிருக்குது. எடுத்துட்டா போச்சி."

முருகேசன் தட்டோடு வந்து எட்டிப் பார்த்தான். "பெரியவரே, சோறு."

"வெச்சிட்டு போப்பா, வரேன்."

ஜினகுமார் குரலைத் தாழ்த்தினான். தாழ்த்தினால் மட்டும் அந்தக் கூடத்தில் கேட்காமல் போய்விடாது. "இத பாருங்கப்பா. பெரியவரு எங்கன்னு அவங்க கேட்டாங்க. நீங்க நம்ம மேல்சித்தாமூர் மடத்துக்கு போயி தங்கியிருக்கீங்கன்னு சொல்லி வெச்சிருக்கேன். நீங்களும் அப்படியே சொல்லிடுங்க."

"நான் மடத்துலயா இருக்கேன்?"

"அறச்சாலையில இருக்காருன்னு சொல்லச் சொல்றீங்களா? அப்பனுக்குக் கஞ்சி ஊத்தாத வூட்டுல பொண்ணெடுப்பானா எவனாவது?"

"ஊத்தினியே. நான் இல்லேன்னு சொல்லலியே. கேட்டா அதையும் சொல்றேன்."

"கேக்கவே வேணாம்னுதான் சொல்றேன்."

இப்படியே போயிற்று. மகன் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. பெண் பிள்ளை காரியம். ஒரு பொய்யில் ஒரு கல்யாணம் முடியும் என்றால் ஊரில் யார்தான் சொல்லமாட்டார்கள்? ஆனால் ஜினேந்திரனின் நினைப்பு வேறிடத்தில் இருந்தது. அந்தக் கூடத்தில் மோவாயைக் கையில் தாங்கி உட்கார்ந்திருக்கிறாளே அங்கம்மாள், அவள் நாளைக்கு என்ன நினைப்பாள்? இங்கே இருந்ததையே இல்லை என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்து, இதே கட்டிலில் எப்படிப் படுப்பது? அவர்கள் பேசாவிட்டாலும் பக்கத்தில் இருப்பவர்கள் அவர்கள்தானே.

வெளியே பொழுது இறங்கியது ஒருவருக்கும் தெரியவில்லை. மேகம்தான் முன்பே வெளிச்சத்தைத் தின்றுவிட்டிருந்ததே. முருகேசன் வந்து கூடத்தில் பல்பைப் போட்டான்.

தனலட்சுமி திடுக்கிட்டாள். "ஐயோ மாமா, நீங்க சாப்பிடலியே. பொழுது போயிடுச்சே. எங்க பேச்சுல மறந்துட்டேனே."

"பரவால்லமா. ஒரு வேள தானே."

கூடத்திலிருந்து அங்கம்மாளின் குரல் வந்தது. "ஏன் பட்டினி கெடக்கணும்? சாப்பிட சொல்லும்மா ஒன் மாமனார. நாங்க வேணா எழுந்து வெளிய போறோம். நாங்க கண்ணுல பட்டாத்தான் அவருக்கு சோறு எறங்காதே."

தனலட்சுமி ஒன்றும் புரியாமல் எழுந்து கூடத்துப் பக்கம் வந்தாள். "இன்னாம்மா சொல்றீங்க?"

"இருக்கறதத்தான் சொல்றேன். நாங்க மொள்ற கெணத்துத் தண்ணிய துணி போட்டு வடிகட்டறாரு. எங்களோட ஒக்காந்து ஒரு நாள் துன்னது கெடையாது. ஆசையா சுண்டல் குடுத்தேன், தொன்னைய திருப்பி என் கையிலியே குடுத்தாரு. கறி மீனு துன்ற சாதி தொட்டா ஆவாதுன்னா மொதல்லயே சொல்லிட்டு இருக்கலாமே. எதுக்கு நாலு பேரோட இருக்கற எடத்துக்கு வரணும்?"

தனலட்சுமி வாயில் கையை வைத்துக்கொண்டாள். மாமனாரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் கட்டிலின் விளிம்பைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"அம்மா, அது அப்படி இல்லம்மா. நாங்க ஜைனருங்க. பொழுது சாஞ்சா தண்ணி கூட பல்லுல படக்கூடாது எங்களுக்கு. வெளக்கு வெளிச்சத்துக்குப் பூச்சி பொட்டு வரும், சோத்துல விழும், தெரியாம துன்னா பாவம்னு. தண்ணி வடிகட்டறதும் அதுக்குத்தான். அதுல இருக்கற புழு பூச்சி நம்ம வாயில போயி சாவக்கூடாது. யாரு மொண்டா இன்னா? எங்க வூட்டுல நான் மொண்டாலும் வடிகட்டித்தான் குடிப்பாரு."

கண்ணாயிரம்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"பூச்சிக்காகவா?"

"பூச்சிக்காகத்தான்."

"அடப்பாவி மனுசா" என்றாள் அங்கம்மாள். எழுந்து நேரே அவர் கட்டிலுக்கே வந்துவிட்டாள். "கண்ணுக்குத் தெரியாத பூச்சி மேல அவ்ளோ அக்கற. பக்கத்துல எரும கணக்கா நாங்க இத்தினி பேர் இருக்கோம். எங்ககிட்ட ஒரு வார்த்த சொன்னியா?"

"தெரியும்னு நெனச்சேம்மா."

"எப்படித் தெரியும்? நாங்க இன்னா ஒங்க கயனியிலயா நாத்து நட்டோம்?"

ஒரு மாதமாக அவர்கள் தன்னை ஒதுக்குகிறார்கள் என்று இவர் படுத்திருந்தார். இவர் தங்களை ஒதுக்குகிறார் என்று அவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒரே ஒரு வார்த்தை, அதை எடுத்துச் சொல்ல ஊரிலிருந்து மருமகள் வர வேண்டியிருந்தது.

அங்கம்மாள் தன் வலது கையை அவர் முகத்துக்கு எதிரே நீட்டினாள். கட்டைவிரல் பள்ளம் பல்பு வெளிச்சத்தில் கருப்பாகத் தெரிந்தது.

"சரி, இதுக்கு பதில் சொல்லு. கூட்டோட பட்டுப்பூச்சிய வேக வெச்சி எடுத்த நூலு. அத நாப்பது வருசமா இழச்ச கை இது. இந்தக் கை ஆவுமா ஆவாதா ஒனக்கு?"

பொய் சொல்லத் தெரியாத மனுஷர். கொஞ்ச நேரம் அந்தக் கையையே பார்த்தார்.

"ஏர் ஓட்டினவன்மா நான். கொழு முனையில எத்தினி புழு அறுந்துதோ. என் கைய மொதல்ல நான் காட்டணும்." பிறகு சொன்னார்: "நீ சுண்டல் குடுத்த நேரம்தான் எனக்கு ஆவல. கை ஆவாதுன்னு சொல்லல."

அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

ஜினகுமார் பொறுமை இழந்து எழுந்தான். "அப்பா, கடைசி பஸ்ஸு போயிடும். இன்னா சொல்றீங்க?"

"வரேன். வெள்ளிக்கெழம காலையில வரேன். சாயந்தரம் திரும்பிடுவேன். எங்க இருக்கேன்னு கேட்டா, இங்க இருக்கேன்னு சொல்லுவேன். மகன் வெரட்டல, நானா வந்தேன்னும் சொல்லுவேன்."

"அப்படி சொல்றதா இருந்தா நீங்க வரவே வேணாம்."

குடையை எடுத்துக்கொண்டு வெளியே இறங்கிவிட்டான்.

தனலட்சுமி தயங்கி நின்றாள். குனிந்து மாமனாரின் காலைத் தொட்டாள். "அவரு கோவத்துல சொல்றாரு மாமா. மனசுல வெச்சிக்காதீங்க. நீங்க வாங்க. ஆனா..." அந்த ஆனாவுக்கு மேல் அவளாலும் சொல்ல முடியவில்லை. மகளைப் பெற்றவள். கண்ணைத் துடைத்துக்கொண்டு புருஷன் பின்னால் போனாள்.

தூறல் விழ ஆரம்பித்தது. ஜினேந்திரன் வாசல்வரை போய், இரண்டு பேரும் ஒரே குடைக்குள் தெருக்கோடி திரும்புகிறவரை பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்ப்பார்கள் என்று நினைத்தார். பார்க்கவில்லை. பேத்திக்கு மூக்கு குத்தினபோது வலிக்காமல் இருக்கத் தன் மடியில்தான் உட்கார வைத்தார்கள் என்பது என்னவோ அப்போது ஞாபகம் வந்தது. வெள்ளிக்கிழமை அவள் புடவை கட்டிக்கொண்டு வந்து, கூடத்தில் உட்கார்ந்திருக்கிற முகங்களில் ஒவ்வொன்றாகத் தேடுவாள்.

உள்ளே முருகேசன் தட்டுகளைப் போடும் சத்தம் கேட்டது. ஏழு மணி.

அவர் தன் அறைப் பக்கம் திரும்பினார். வயிறு காந்தியது. குழம்பு வாசனை அதை இன்னும் கிளப்பியது. இருட்டில் போய்ப் படுத்துவிட்டால் காலைவரை ஒருவர் முகத்திலும் விழிக்க வேண்டாம்.

"எங்க போற?" என்றாள் அங்கம்மாள். வரிசையில் உட்கார்ந்தபடியே கேட்டாள்.

"நான் துன்னக்கூடாதும்மா."

"துன்னச் சொன்னேனா? ஒக்காரச் சொன்னேன்."

கண்ணாயிரம் தன் வீங்கின கால்களை இரண்டு கையாலும் தூக்கி நகர்த்தி, பக்கத்தில் ஒரு முழம் இடம் விட்டார். ஜினேந்திரன் அதில் உட்கார்ந்தார். அவருக்கு முன்னால் மட்டும் தட்டு இல்லை. சும்மா இருக்கிற கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டார்.

அவர் நினைத்துக்கொண்டிருந்ததுபோல் ஒன்றும் இல்லை. யாரும் சிரிக்கவில்லை. கண்ணாயிரம் எதையும் நடித்துக் காட்டவில்லை. அவர் எதிரே சாப்பிடக் கூசி எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டிருந்தார்கள். சோறு பிசைகிற சத்தம் மட்டும்தான் கேட்டது. நாம் வந்து இவர்கள் ராத்திரியையும் கெடுத்துவிட்டோம் என்று அவருக்குப் பட்டது. எழுந்துவிடலாமென்று கையை ஊன்றினார்.

"அந்தப் பொண்ணு பேரு இன்னா?" என்றாள் அங்கம்மாள்.

"கனகமாலா."

"நீ போவலன்னா அது வந்து நிக்காதா?"

"அப்படித்தான் சொல்லிக்கினு இருக்குதாம்."

"போயி உண்மைய சொன்னா?"

"கல்யாணம் நின்னாலும் நின்னுடும்."

"போயி மடத்துல இருந்தேன்னு சொன்னா?"

அவர் ஊன்றின கையை எடுத்து மறுபடி மடியில் வைத்துக்கொண்டார். அவள் கவளத்தைத் தட்டிலேயே போட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"அப்போ வெள்ளிக்கெழம இன்னாதான் பண்ணப்போற நீ?"

கண்ணாயிரத்தின் கை வாய்க்குப் போகும் வழியில் நின்றது. எதிர் வரிசையில் ஒருவர் காது கேட்பதற்காக முன்னால் சாய்ந்தார். முருகேசன் குழம்புச் சட்டியோடு அப்படியே நின்றான். மழை ஓட்டின்மேல் பலமாக விழுந்துகொண்டிருந்தது.

என்ன சொல்வதென்று ஜினேந்திரனுக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். ஒருவரும் சோற்றில் கை வைக்காமல், அவர் குரலுக்காகக் காத்து, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.